துபாய் சோப்பும் எட்டுப் பூரானும்

என் வீட்டுக்காரர் முழுக்கால் சட்டையும் செருப்புமாகக் குற்றாலம் பேரருவிக்குக் கீழே நின்றுகொண்டு, குளிக்க வந்த ஆண்களிடம் ஒவ்வொருவராகப் போய், “அண்ணாச்சி, உங்க சோப்பக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்ட காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பெண்கள் குளிக்கும் பக்கத்தில், கம்பிக்கு இந்தப் புறம் நானும் சம்சாத்தும் நின்றிருந்தோம். அருவிச் சத்தத்தில் அவர் பேசுவது காதில் விழவில்லை. எதிரில் நிற்பவர்களின் முகம் மட்டும் தெரிந்தது. ஒருவர் சோப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். இன்னொருவர், பாவம், இவர் சோப்பில்லாமல் வந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துத் தாராளமாக நீட்டினார். இவர் அதை வாங்கி, மோந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார். அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

சாரல் முகத்தில் அடித்தது. சம்சாத் என் மணிக்கட்டை விடவேயில்லை.

“கெடச்சிருமா அக்கா?”

“கெடைக்கும். அவரு மூக்கு தப்பாது” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

ஒரு சோப்புக் கட்டிக்குள் அவளுடைய குடும்பமே இருந்தது. இப்படிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் போங்கள், நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

மூளையும் கையும்

தென்காசிக் கோபுரம் அப்போது மொட்டையாகத்தான் நின்றது. அதன் காற்று வந்து மோதும் தெருவில், ஒரு பாத்திரக் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் நடுவில் எங்கள் கடை. ரேடியோ, டேப் ரிக்கார்டர், அப்புறம் டி.வி. ஊருக்கு அவர் ரேடியோ அண்ணாச்சி. எனக்கு ‘அவர்’. பெயரைச் சொல்லாமலே இத்தனை காலம் குடித்தனம் நடத்தியாயிற்று. பத்திரிகையில் எழுத வந்த இடத்தில் மட்டும் அதை எதற்கு மாற்ற வேண்டும்?

கல்யாணத்துக்கு முன்னால் நான் பாளையங்கோட்டையில், பெண்களாகச் சேர்ந்து டிரான்சிஸ்டர் ரேடியோ பூட்டும் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க ஈயத்தை உருக்கிச் சால்டர் வைப்பதுதான் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, பாடத் தெரியுமா என்று என் மாமியார் கேட்டார்கள். இவர் குறுக்கே புகுந்து, “சால்டர் வைக்கத் தெரியுமா?” என்றார். தெரியும் என்றேன். கேசரி ஆறுவதற்குள் நிச்சயம் ஆகிவிட்டது.

கடையில் அவர் மூளை, நான் கை என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொள்வார். நான் மறுத்துப் பேசியதில்லை. சால்டரிங் அயர்ன் என் கையில் இருக்கும்வரை யார் எதைச் சொல்லிக்கொண்டால் என்ன?

அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு போட்டது பாதி, துபாய்க்கும் சவுதிக்கும் போனவர்கள் வீட்டு டேப் ரிக்கார்டர்கள்தான். கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். ரிப்பேர் முடிந்ததும் உள்ளே இருக்கும் கேசட்டையே ஓட்டிப் பார்ப்போம். யாரோ ஒரு கணவர் யாரோ ஒரு மனைவியிடம், ஆடு குட்டி போட்டதா, வாப்பாவுக்கு இருமல் நின்றதா என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான் சத்தத்தைக் குறைப்பேன். இவர் கூட்டுவார். ஒலி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறாராம்.

எல்லா வீட்டு டேப் ரிக்கார்டரிலும் பாட்டுக் கேட்கிற பட்டன்தான் முதலில் தேயும். சம்சாத் கொண்டுவந்ததில் பதிவு செய்கிற பட்டன் தேய்ந்திருந்தது.

“பேசிப் பேசித் தேஞ்சு போச்சுக்கா” என்றாள். “கேசட்டுக்கிட்ட எத்தன வருசந்தான் பேசிக்கிட்டுக் கெடக்கது?”

அன்றிலிருந்து எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

பெட்டி இல்லாத கம்ப்யூட்டர்

அவள் கணவர் மீரான் துபாயில் ஒரு கம்பெனியில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தார். குரலே எழும்பாத மனிதர். அந்த முறை லீவில் வந்தவர், நகையும் போர்வையும் வாங்கி வராமல் ஒரு கம்ப்யூட்டரோடு வந்து இறங்கினார்.

கம்ப்யூட்டர் என்றதும் இப்போது இருப்பதுபோல நினைத்துவிடாதீர்கள். வெறும் கீபோர்டு மட்டும்தான். கம்ப்யூட்டரே அதற்குள் இருந்தது. அதை டி.வி.யில் மாட்ட வேண்டும். புரோகிராம் கேசட்டில் வரும். டேப் ரிக்கார்டரில் போட்டு ஓட்டினால் கிரீச்சென்று ஒரு சத்தம் ஓடி, அது முடிந்ததும் திரையில் எழுத்து வரும். சம்சாத் வீட்டில் அந்தக் கேசட்டை முதலில் போட்டபோது அவள் மாமியார் காதைப் பொத்திக்கொண்டாராம்.

“இனிப் போகப் போறதில்ல மதினி” என்றார் மீரான் என்னிடம். “இத வச்சு இங்கனயே கிளாஸ் நடத்திப் பொழச்சிருவேன்.”

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்தார். போர்டு எழுதியாயிற்று. வந்து விசாரித்தவர்களில் பாதிப் பேர் ஜாதகப் பொருத்தம் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள். மீதிப் பேர் படிக்கச் சேர்ந்தார்கள். ஆனாலும் திரும்பிப் போகிற டிக்கெட் பீரோவில் இருந்தது. லீவு முடிவதற்குள் கிளாஸ் நடந்தால் மனிதர் இங்கே. நடக்காவிட்டால் பழையபடி கேசட்.

அந்த நேரம் பார்த்துச் சாரல் தொடங்கியது. ஊரே சந்தோஷமாகக் குற்றாலத்துக்கு ஓடிக்கொண்டிருக்க, மீரானின் டி.வி. திரையில் ஒரு நாள் காலை எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக வந்து நின்றது. அணைத்துப் போட்டாலும் அதே கட்டம். துண்டில் சுற்றி எங்கள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

திருகைக் கழற்றி மூடியைத் திறந்த எங்கள் வீட்டு மூளை, “ஏட்டி, இங்கன வந்து பாரு. எட்டுப் பூரான் வரிசையாப் படுத்துக் கெடக்கு” என்றது.

உண்மையில் அப்படித்தான் இருந்தது. கறுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் கால்கள். கம்ப்யூட்டருக்கு ஞாபகம் என்று ஒன்று இருந்தால் அது அந்த எட்டு ஐ.சி. சில்லுகளில்தான் என்று மீரான் விளக்கினார். எட்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். ஒன்று படுத்துவிட்டாலும் மற்ற ஏழும் இருந்து புண்ணியமில்லை. கழற்றி மாட்டுகிற வசதியும் கிடையாது, ஒவ்வொரு காலையும் போர்டில் ஓட்டைக்குள் விட்டு ஈயம் வைத்திருந்தார்கள்.

படுத்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

என் வீட்டுக்காரர் விரலை நாக்கில் தொட்டு, ஒவ்வொன்றின் முதுகிலும் வைத்துப் பார்த்தார். எட்டையும் விட்டுவிட்டு, நடுவில் தனியாக இருந்த பெரிய ஐ.சி.யின் மேல் வைத்ததும் கையை உதறினார்.

“இதான். என்னமாச் சுடுது! சூடா இருக்கதுதான் நோயாளி.”

“அப்படிப் பாத்தா இந்தக் கடையில முதல் நோயாளி நீங்கதான்” என்றேன்.

அதைக் கழற்றியே தீருவேன் என்று நின்றார். ஈயத்தை உருக்கிக் கால்களை உருவும்போது கொஞ்சம் அவசரப்பட்டால், அடியில் இருக்கிற செம்புக் கோடும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். அது போனால் போர்டே போயிற்று. நல்ல ஐ.சி. ஒன்று முதலில் கைக்கு வரட்டும், அதை ஒவ்வொன்றின் முதுகிலும் காலோடு கால் படும்படி வைத்து அழுத்திப் பார்ப்போம், எதன்மேல் வைக்கும்போது திரை சரியாகிறதோ அதை மட்டும் கழற்றலாம் என்றேன். தொழிற்கூடத்தில் சந்தேகமான கண்டென்சருக்கு அப்படித்தான் செய்வோம்.

அவர் கேட்கிற மாதிரி இல்லை. அன்று சாயங்காலம் சால்டரிங் அயர்னைக் கத்தரிக்காய்ப் பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். மறுநாள் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் வழக்கம்போல இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்.

காயாத கண்டம்

அந்தப் பூரான் ஐ.சி. தென்காசியில் கிடைக்கவில்லை. மதுரையிலும் திருவனந்தபுரத்திலும் கேட்டு ஆள் விட்டோம், கையை விரித்துவிட்டார்கள். மீரான் துபாய்க்கு டிரங்க் கால் போட்டார். அங்கே அவரோடு ஒரே அறையில் இருந்தவர் பண்பொழிக்காரரான டெய்லர் திருமலை. நல்லவேளையாக அவரும் லீவில் ஊருக்குப் புறப்படுகிற சமயம். வாங்கி வருகிறேன், காலெல்லாம் ஒடியாமல் பத்திரமாகக் கொண்டு வருவேன் என்று சத்தியம் செய்தார்.

திருமலை வருகிறவரை சம்சாத் தினமும் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பாள். வீட்டில் உப்புக்கண்டம் போட்டிருந்தாள். மீரான் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் கட்டிக் காயவைத்து, பொரித்துப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தனுப்புவாள். லீவு முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. வேண்டாம் என்று மனசு சொன்னாலும் கை பழக்கத்தில் கறியை நறுக்கிவிட்டது.

“வெயிலே இல்ல, கண்டம் காய மாட்டுக்கு அக்கா” என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, “காயாட்டாத்தான் என்ன?” என்பாள். காய்ந்துவிட்டால் பயணம் உறுதி என்று அவளாக ஒரு கணக்கு வைத்திருந்தாள் போல. காலையில் அடுப்புக்கு மேலே கட்டுவாள், மத்தியானம் சாரல் படுகிற ஜன்னல் பக்கம் மாற்றிவிடுவாள்.

டெய்லர் செய்த பத்திரம்

ஒரு நாள் காலை திருமலை கடைக்கு வந்தார். புது சட்டை, செண்டு வாசனை. முகம் மட்டும் ஜுரம் வந்தவர் மாதிரி இருந்தது.

தையற்காரர்கள் ஊசி துருப்பிடிக்காமல் இருக்கச் சோப்பில் குத்தி வைப்பார்கள். திருமலைக்கு ஐ.சி. என்பது நிறையக் கால் உள்ள ஊசி. துபாய்க் கடையில் இரண்டு ஐ.சி.யைக் கறுப்பு ஸ்பாஞ்சில் செருகிக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரன் குப்பையில் குத்திக் கொடுத்திருக்கிறானே என்று இவர் அதை வீசிவிட்டார். ஒரு ரோஸ் கலர் சோப்பை நூலால் இரண்டாக அறுத்து, இரண்டு ஐ.சி.யையும் அதில் குத்தி, மற்ற பாதியை ஈரம் தொட்டு ஒட்டி, மறுபடி காகிதத்தைச் சுற்றி, மற்ற சோப்புகளோடு பெட்டியில் வைத்துவிட்டார். கஸ்டம்ஸில்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை என்று அதில் ஒரு பெருமை வேறு.

திருவனந்தபுரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, புளியறை வழியாக வீடு வந்து சேர்ந்தவர் அசதியில் தூங்கிப் போனார். எழுந்து பார்த்தால் பெட்டி திறந்து கிடக்கிறது. துபாய்ப் பெட்டி வந்த வீட்டில் என்ன நடக்கும் என்று நம் பக்கத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய அக்காள் சொந்தபந்தம் முழுக்கச் சோப்புக் கொடுத்து முடித்திருந்தார்.

“எல்லா வீட்டுலயும் ஏறி எறங்கி, சோப்பப் பிச்சுப் பாத்துட்டேன் அண்ணாச்சி” என்றார் திருமலை. “எங்க அத்தான் சோப்பு ஒண்ணுதான் பாக்கி. அவரு விடியங்காட்டியும் குளிக்கன்னு குத்தாலத்துக்குப் போயிட்டாரு. சோப்போட.”

“எந்த அருவிக்கு?”

“அத யாரு கேட்டா?”

மீரான் பழைய அருவிக்கு ஓடினார். திருமலை ஐந்தருவிக்கு. பேரருவிக்கு நாங்கள். அத்தானுக்கு அடையாளம் என்ன என்று கேட்டதற்கு, கறுப்பாக, மீசை வைத்து, கொஞ்சம் தொந்தியோடு இருப்பார் என்றார் திருமலை. பேரருவியில் எண்ணெய் வழிய நிற்கும் ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். அதனால்தான் என் வீட்டுக்காரர் ஆளை விட்டுவிட்டுச் சோப்பைத் தேடினார்.

“அது சீப்பு இல்லண்ணே”

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கடைசியில் அவர் ஒரு மனிதரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கம்பிப் பக்கம் வந்தார். கறுப்பு, மீசை, தொந்தி. மூன்றும் சரியாக இருந்தன. சோப்பு அந்த மனிதரின் கையில்தான் இருந்தது, தர மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்திருந்தார்.

“இந்த அண்ணாச்சி என் சோப்பப் புடுங்குதாரு தாயி” என்று எங்களிடம் முறையிட்டார். “எம் மச்சினன் துபாய்லேர்ந்து கொண்டாந்தது. துபாய்க்காரன் துபாய்க்காரந்தான்! முதுகு சொறியதுக்குச் சோப்புக்குள்ளயே சீப்பு வச்சுக் குடுத்துருக்கான், பாத்தியளா!”

திரும்பி நின்று பெருமையாக முதுகைக் காட்டினார். பென்சிலில் கோடு போட்டதுபோல வரிசை வரிசையாகச் சிவந்திருந்தது. ஒட்டிய சோப்பு பிளந்து, அவர் கையிலிருந்த பாதியில் ஒரு ஐ.சி. மல்லாந்து பதிந்து, கால்களை மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

“ரெண்டு சீப்புல்லா இருந்துருக்கணும்?” என்றார் இவர்.

“இன்னொண்ணு வழுக்கி அருவியோட போயிட்டு. இதையுங் குடுத்துட்டு நான் என்ன செய்யட்டும்?”

சம்சாத் முன்னால் வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அது சீப்பு இல்லண்ணே” என்றாள். “அது எங்க வீட்டுக்காரவுக.”

அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், சோப்பைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். பிறகு கம்பி வழியாக இரண்டு கையாலும் நீட்டினார். இப்போதும் அந்த மனிதரை நினைத்தால் எனக்கு மனசு இளகிவிடும். புரியாமலே கொடுத்தார்.

ஈர்க்குச்சி

கடையில் ஐ.சி.யைச் சோப்பிலிருந்து தோண்டி எடுத்து, ஸ்பிரிட்டில் கழுவி, பல்புச் சூட்டில் காயவைத்தேன். கால்கள் கோணிப் போயிருந்தன. சாமணத்தால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். இரண்டு தடவை வளைத்தால் ஒடிந்துவிடும், ஒரே தடவையில் நிமிர்த்த வேண்டும். ஒரு கால் ஏற்கெனவே ஒடிந்திருந்தது. அது அருவியில் போயிற்றா, அத்தான் முதுகில் தங்கிவிட்டதா என்பது இன்றுவரை தெரியாது. மிஞ்சிய நுனியில், வயரிலிருந்து ஒற்றை இழையை உருவிச் சால்டர் வைத்தேன். மூச்சே விடாமல் வைத்தேன் என்று பின்னால் அவர் சொன்னார். அவர் தும்மிக்கொண்டே பார்த்தார்.

டி.வி.யைப் போட்டோம். திரை முழுக்கக் கட்டம். மீரான் பார்க்க மாட்டாமல் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். எங்கள் வீட்டுக்காரர் ஐ.சி.யை முதல் பூரானின் முதுகில் பொருத்தி அழுத்தினார். அணைத்துப் போட்டேன். கட்டம். இரண்டாவது, கட்டம். வரிசையில் பாதிக்குமேல் தாண்டியும் அப்படியேதான் இருந்தது. “நான் சொன்னேன்லா, அந்தப் பெரிசுதான்” என்று ஆரம்பித்தார்.

கடைசிக்கு முந்தினதன்மேல் வைத்து அழுத்தியபோது கட்டமெல்லாம் அழிந்து திரை சுத்தமாயிற்று. மேலே ஒரு வரி எழுத்து, அதன் கீழே மினுங்கும் சின்னக் கோடு.

அவர் விரலை எடுத்தார். எல்லாம் கட்டமாக மாறியது. அழுத்தினார், போட்டேன், மறுபடி எழுத்து.

அப்புறம் என் வேலை. கெட்டதைக் காப்பாற்ற வேண்டியதில்லை என்பதால், அதன் கால்களை உடம்போடு சேர்த்துக் கத்தரித்துவிட்டேன். போர்டில் நின்ற கால்களை ஒவ்வொன்றாகச் சூடுகாட்டி உருவினேன். அடைத்திருந்த ஓட்டைகளைத் துடைப்பத்து ஈர்க்குச்சியால் குத்தித் திறந்தேன். ஈர்க்குச்சியில் ஈயம் ஒட்டாது. ஒரு கோடுகூட உரியவில்லை. புது ஐ.சி.யை வைத்து ஈயம் உருக்கியபோது கடை முழுக்க, ஈயத்தோடு உருகும் குங்கிலிய வாசனையோடு ரோஜா வாசனையும் எழுந்தது. எவ்வளவு கழுவியும் சோப்பு முழுசாகப் போகவில்லை. பின்னால் அந்த மாடியில் படித்தவர்களெல்லாம், கம்ப்யூட்டர் சூடானால் குளித்துவிட்டு வந்ததுபோல மணக்கும் என்று சொல்வார்கள்.

எல்லாம் சரியாகி ஓடும்போது, நடுவிலிருந்த அந்தப் பெரிய ஐ.சி.யை அவரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டு, கையை உதறினார். “அதுக்கு ஒடம்பே சூட்டு ஒடம்பு” என்றார்.

மீரான் மெல்ல வந்து கீபோர்டில் என்னவோ தட்டினார். திரையில் சம்சாத்தின் பெயர் ஆங்கிலத்தில் மேலிருந்து கீழ்வரை வரிசையாக ஓடியது. அவள் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. எழுந்துவிட்டாள்.

“மத்தியானம் ரெண்டு பேரும் வீட்டுக்குச் சாப்பிட வாங்கக்கா. நான் போயி கண்டத்தப் பொரிச்சிருதேன்.”

“அது காயலன்னு சொன்னியே?”

“காய்ஞ்ச வரைக்கும் போதும். இனி அது எங்க போவப் போவுது?”

போனோம். சுடுசோறு, பருப்புச் சாறு, நடுவில் ஒரு தட்டு நிறைய உப்புக்கண்டம். அரைகுறையாகக் காய்ந்ததால் கொஞ்சம் ரப்பர் மாதிரிதான் இழுத்தது. எங்கள் வீட்டுக்காரர் தும்மலுக்கு நடுவே பிரமாதம், பிரமாதம் என்றார். மீரான் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சம்சாத் பரிமாறவேயில்லை. அகப்பையைக் கையில் பிடித்தபடி, கதவில் சாய்ந்து மீரானையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னட்டி என்று கேட்டேன்.

“இத்தன வருசமா நான் கண்டம் போட்டு அனுப்புதேன்” என்றாள். “இவுக அதத் திங்கத நான் இன்னைக்குத்தான் அக்கா பாக்கேன்.”